என் பெயருக்கு எழுதிய மருந்து

குற்றால மலையில் தோன்றித் தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிவரும் சிற்றாறு அனுமன் நதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு அருகில், ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனையையும் நவநீதகிருஷ்ணன் கோயிலையும் தன் பழைய செல்வாக்குக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் வீரகேரளம்புதூரில், ஒருவனுக்கு வந்த நோயைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை ஊரார் அனைவருக்கும் உண்டு. வயிற்றுவலியையோ மூட்டுவலியையோ வாய்விட்டுச் சொல்லாதவரையில் அந்த உரிமையிலிருந்து ஒருவன் தப்பித்துக்கொள்ளலாம். முகத்தில் வந்த நோய்க்கு அந்தச் சலுகை கிடையாது. பதினேழாம் வயதில் கன்னங்களிலும் தாடையிலும் தோன்றி, இருபதாம் வயதுக்குள் கழுத்து, தோள், முதுகு என்று இறங்கிவிட்ட என்னுடைய பருக்களைப் பற்றி, பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும், கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போதும்கூட, யாராவது ஒருவர் நின்று உற்றுப் பார்த்து, “என்னலே, மூஞ்சி இப்படி ஆயிட்டு?” என்று விசாரிக்காமல் போனதில்லை. விசாரிப்பவர்கள் எவரும் கெட்ட எண்ணத்தோடு விசாரித்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டவர் ஒவ்வொருவரும் கையோடு ஒரு மருந்தும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

யௌவனத்தின் அடையாளமென்று சினிமாக்காரர்கள் கொஞ்சிப் பேசுகிற பரு வேறு. எனக்கு வந்தது வேறு. எனக்கு வந்தவை பட்டாணி அளவிலும் சில வேளைகளில் சுண்டைக்காய் அளவிலும் தோலுக்கடியில் கெட்டியாகக் கட்டிக்கொண்டு, தொடாமலே விண்விண்ணென்று தெறித்து, பல நாட்கள் பழுக்கவும் மாட்டாமல் அமுங்கவும் மாட்டாமல் இருந்து, பிறகு நடுராத்திரியில் தாமாகவே உடையும். காலையில் தலையணை உறையில் சீழும் இரத்தமுமாகக் கறை படிந்திருக்கும். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உறையை உருவிக்கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பாள். ஆறிய இடம் பழைய இடமாக ஆறாது. குழி விழும், அல்லது தடித்துப் போகும். சவரம் செய்துகொள்ள முடியாது. சலூன் கடைக்காரர் கத்தியை எடுத்து ஒருமுறை என் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, “வேண்டாம் தம்பி, தாடி இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு” என்று மறுபடியும் மடக்கி வைத்துவிட்டார். கல்லூரிப் பரீட்சைக்காக எடுத்த புகைப்படத்தில், சுரண்டை ஸ்டூடியோக்காரர் தம் கம்ப்யூட்டர் சாமர்த்தியத்தால் என் கன்னங்களை வழவழவென்று ஆக்கிக் கொடுத்ததன் பயனாக, பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை அனுமதிச் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார்.

ஊரார் சொன்ன பரிகாரங்களை நான் அலட்சியம் செய்தவனல்லன். ஆச்சி சங்கைக் கல்லில் உரைத்துப் பூசினாள். ஜாதிக்காயை உரைத்துப் பூசினாள். கொல்லையில் இருந்த திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கிச் சாறெடுத்து, விரலால் தொட்டு ஒவ்வொரு கட்டியின் தலையிலும் வைத்தாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி கஸ்தூரி மஞ்சளையும் சந்தனத்தையும் சிபாரிசு செய்தார். தாத்தாவுக்கு இதெல்லாம் வயிற்றில் தேங்கிய அழுக்கு என்று திடமான நம்பிக்கை. ஆகையால் விடுமுறை தோறும் ஒரு பேதி மருந்து தவறாது. நடமாடுகிற பெரியவர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்ன காரணம் உடம்புச் சூடு. ஒருமனதாகச் சொன்ன மருந்து விவாகம். “கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்” என்ற அந்த வைத்தியத்துக்கு, இந்த முகத்தோடு பெண் கிடைக்குமா என்று அதே பெரியவர்கள் என் அம்மாவிடம் தனியே கவலைப்பட்டதும் எனக்குத் தெரியும். மேற்கொண்டு, வீட்டில் எண்ணெய்க்குத் தடை விதிக்கப்பட்டது. எல்லோரும் வடையும் அப்பளமும் சாப்பிடுகையில் எனக்கு மட்டும் இட்லிக்கு எண்ணெயில்லாத சட்னி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாத்திரம் சூட்டைத் தணிப்பது என்ற பெயரால் அந்தத் தடையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது.

இவற்றில் சில சற்று எரிச்சலைத் தணித்தன. குளிர்ந்த சந்தனம் முகத்தில் இருக்கிற அந்த அரைமணி நேரத்துச் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நோயின் மூலம் தோலின் மேல்பரப்பில் இல்லை. மயிர்க்கால் ஒவ்வொன்றோடும் ஒட்டியிருக்கிற எண்ணெய்ச் சுரப்பி, பருவ வயதில் ஊறும் ஆண்ட்ரோஜன் என்ற சுரப்பு நீரின் தூண்டுதலால் பெருத்து அளவுக்கு மீறிச் சுரப்பதும், மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் அடைத்துக்கொள்வதும், அடைபட்ட எண்ணெயில் அங்கே எப்போதும் வாழ்கிற ஒரு பாக்டீரியா செழித்து வளர்வதும், முடிவில் அந்தப் பை தோலுக்குள்ளேயே கிழிந்து சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்குவதுமே இதன் கதை. யாருக்கு இது சில புள்ளிகளோடு நிற்கும், யாருக்குக் கட்டிகளாகும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானிக்கிறது. எங்கள் அப்பாவின் கன்னத்தில் இருந்த குழிகளைச் சிறுவயது அம்மையின் தழும்பு என்றே நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

குற்றாலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்தத் தோல் வியாதிக்கும் கடைசி மருந்து அருவிதான்; மூலிகைகளைத் தழுவிக்கொண்டு இறங்குகிற நீர் என்பது தென்காசி வட்டாரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் மாமா என்னைப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் மாற்றி மாற்றி அழைத்துப் போனார். முதலில் எண்ணெய் தேய்ப்பவரிடம் உட்கார வைத்து, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, பிறகு அருவிக்குள் தள்ளிவிடுவது அவருடைய முறை. சட்டையைக் கழற்ற நான் கூசினேன். சட்டையோடு அருவிக்குள் நின்றால் கூட்டம் சும்மா விடுமா? “ஏ தம்பி, சட்டைக்குமா குளிப்பாட்டுதே?” என்று யாரோ கேட்க, நாற்பது ஐம்பது பேர் அந்தப் பேரிரைச்சலிலும் கேட்கும்படி சிரித்தார்கள். கழற்றினேன். முதுகைப் பார்த்ததும் என்னைச் சுற்றி இரண்டு முழம் இடம் தானாகவே விலகிற்று. நெரிசலான நாளில் பேரருவியின் நடுவே இப்படி வசதியாக இடம் கிடைப்பது துர்லபம் என்று மாமா வேடிக்கையாகச் சொன்னார். சில நாட்களில் முதுகில் புதிய கட்டிகள் கிளம்பின. காரணம் அருவியன்று, அடைபட்டுக் கிடக்கும் மயிர்க்கால்களின்மேல் அழுத்தித் தேய்த்த அந்த எண்ணெயே என்று பின்னால் அறிந்தேன். அருவி நீரைப் பற்றி நான் குறைசொல்ல மாட்டேன். இன்றும் சாரல் என்றால் முதல் ஆளாகப் புறப்படுகிறவன் நான்.

இடையில் ஒரு மருந்துக் கடையில், சீட்டு எதுவும் கேட்காமல், “இதைப் போட்டுப் பாருங்க, நாலே நாளு” என்று ஒரு குழாய்க் களிம்பு கொடுத்தார்கள். அவர்கள் வாக்கு பொய்க்கவில்லை. நாலே நாளில் முகம் வெளுத்துச் சிவப்பு அடங்கியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நிறுத்திய வாரமே முன்னிலும் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினேன், மறுபடி அடங்கியது. இப்படிச் சில மாதங்களில் கன்னத்தின் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாக வெளியே தெரியத் தொடங்கின. அது ஸ்டீராய்டு களிம்பு. முகத்தில் நீண்ட நாள் பூசினால் தானே பருக்களை உண்டாக்கும் வஸ்து அது. நம் நாட்டில் இது எத்தனை பேருடைய முகத்தைக் கெடுத்ததென்றால், தோல் வைத்தியர்கள் இதற்கென்று தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்து, வருஷக்கணக்காகப் பிரசாரம் செய்து, அதன் பிறகே 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இந்த வகைக் களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தாயிற்று, கடைகளில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை எந்த ஊர் மருந்துக் கடையிலும் பத்து நிமிஷம் நின்று பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

முறையான வைத்தியம் என்பது எனக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையோடு தொடங்கியது. இது டெட்ராசைக்ளின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் 1948-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதைக் கண்டெடுத்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தின் தலைமையில் இருந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத விஷயம். மண்ணில் இருந்த பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவர விஞ்ஞானி. சுப்பாராவ் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியோடு போய், அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்துவிட்டுக் கடல் கடந்தவர். ஆரியோமைசின் வெளிவந்த அதே 1948-இல் அவர் காலமானார். ஆச்சியின் பச்சிலையை மறுத்துவிட்டு ‘இங்கிலீஷ் மருந்து’க்குப் போகிறேன் என்று வீட்டில் வருத்தப்பட்டபோது, அந்த இங்கிலீஷ் மருந்தின் பூர்வோத்தரத்தில் ஓர் ஆயுர்வேத ஆசிரியர் இருக்கிறார் என்று சொல்லிச் சமாதானம் செய்ய எனக்கு அப்போது இந்தச் சரித்திரம் தெரிந்திருக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்ட மாதங்களில் கட்டிகள் குறைந்தன. நிறுத்தியதும் வந்தன. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

2006-ஆம் ஆண்டு, நான் பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருந்தபோது, திருநெல்வேலியில் ஒரு தோல் வைத்தியரிடம் அப்பா என்னை அழைத்துச் சென்றார். ஊரில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இவர்தான் முதன்முதலாக என் அப்பாவின் முகத்தையும் பார்த்தார். “சாருக்குச் சின்ன வயசுல இதே மாதிரி இருந்திருக்கும் போலிருக்கே?” என்று அவர் கேட்டபோது அப்பா பதில் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார். அம்மைத் தழும்பு என்ற கதை அன்றோடு முடிந்தது. பிறகு அவர் என்னிடம் திரும்பி, தூக்கம் வருகிறதா, சிநேகிதர்களோடு பழகுகிறாயா, மனசு எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். முகத்தில் வந்த நோய்க்கு மனசை ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தாம் எழுதப்போகிற மருந்து சிலரிடம் மனச்சோர்வை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகம் வைத்திய உலகில் இருப்பதால் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றும், இந்த நோயே அந்தச் சோர்வைத் தரவல்லது என்றும், இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று என்றும் அவரே விளக்கினார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று என்பதும், வெளியே காத்திருந்தவர்கள் இருமுறை கதவைத் தட்டினார்கள் என்பதும் நினைவிருக்கின்றன.

அவர் எழுதிய மருந்தின் பெயர் ஐசோட்ரெட்டினாயின். வைட்டமின் ‘ஏ’யின் நெருங்கிய உறவு. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில் ரோஷ் கம்பெனியில் வெர்னர் போலாக் என்பவர் புற்றுநோய்க்கு மருந்து தேடும்போது ஆராய்ந்த வஸ்துக்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தில் இருந்த கேரி பெக் என்ற தோல் வைத்தியரும் அவருடைய சகாக்களும், வேறெந்த மருந்துக்கும் அடங்காத கட்டிப் பருக்கள் உடைய 14 பேருக்கு இதைக் கொடுத்து, அவர்களில் 13 பேருக்கு முற்றிலும் குணமாயிற்று என்று 1979-இல் எழுதினார்கள். அதிசயம் குணமானதில் மட்டும் இல்லை. மருந்தை நிறுத்திய பிறகும் பரு திரும்பவில்லை என்பதில் இருந்தது. எண்ணெய்ச் சுரப்பியையே இது சுருக்கிவிடுகிறது. 1982-இல் அமெரிக்க அரசு இதை விற்க அனுமதி அளித்தது.

அனுமதி அளித்த நாளிலேயே இதன் மறுபக்கமும் தெரிந்தே இருந்தது; மிருகங்களின் கருவை இது சிதைப்பதைச் சோதனைகள் காட்டியிருந்தன. மனிதக் கருவுக்கும் அப்படியே என்பது அடுத்த சில ஆண்டுகளில் பிரத்தியட்சமாயிற்று. கர்ப்பத்தின் முதல் வாரங்களில், தான் கருவுற்றிருப்பதைத் தாயே அறியாத நாட்களில், இந்த மாத்திரை உடலில் இருந்தால், காதில்லாமலும், முகம் கோணியும், இருதயமும் மூளையும் சரிவர அமையாமலும் சிசுக்கள் பிறந்தன. அப்படிக் கருவில் மருந்துபட்டுப் பிறக்கும் குழந்தைகளில் 20 முதல் 35 சதவீதம் வரை இத்தகைய விகாரம் காணப்படுகிறது என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. 1960-களின் தொடக்கத்தில் தாலிடோமைடு மருந்தால் கையும் காலும் குறைந்து பிறந்த குழந்தைகளைப் பார்த்துவிட்ட உலகம் இதைக் கண்டு நடுங்கியதில் வியப்பில்லை. ஆயினும் இம்மருந்தை எவரும் ஒழித்துவிடவில்லை. வேலிக்கு மேல் வேலியாகப் போட்டார்கள். நான் முதல் மாத்திரை விழுங்கிய அதே 2006-இல், அமெரிக்காவில் இதை எழுதும் வைத்தியர், விற்கும் கடைக்காரர், சாப்பிடும் நோயாளி மூவரும் ஒரே ஏட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், பெண்கள் மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்து காட்டினாலன்றி அடுத்த மாதத்து மருந்து கிடையாது என்றும் சட்டதிட்டம் வந்தது. நம்மிடத்தில் அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த இங்கிலீஷ் எச்சரிக்கை ஒன்று இருந்தது. அதற்கு மேல் வைத்தியரின் வாய்வார்த்தை. என் வைத்தியர் அந்த வாய்வார்த்தையில் குறைவைக்கவில்லை. அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுத் தம் கையையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டு, “தம்பி, இது உங்க பேருக்கு எழுதினது. உங்களுக்கு மட்டும்தான். யாரு கேட்டாலும் ஒண்ணுகூடக் குடுக்கப்படாது. பொம்பளைப் பிள்ளைகளுக்குக் குடுக்கவே குடுக்கப்படாது, என்ன?” என்றார். அம்மா இதைக் கேள்விப்பட்டு, பிற்காலத்தில் எனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அடுத்த மாதம் தானும் கிளம்பி வந்து கேட்டாள். தகப்பன் சாப்பிட்ட மருந்தால் அப்படி வருவதாகத் தெரியவில்லை என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

சிகிச்சைக்கு ஒரு கணக்கு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 120 முதல் 150 மில்லிகிராம் வரை மொத்தத்தில் உள்ளே போக வேண்டும் என்பது அன்று வழங்கிய முறை. ஐம்பது கிலோ எடையுள்ளவன் தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்டால் 6,000 மில்லிகிராம் சேர 300 நாட்கள் ஆகும். இடையிடையே இரத்தம் எடுத்து ஈரலின் நிலையையும் இரத்தத்தில் கொழுப்பின் அளவையும் பார்ப்பார்கள். தாத்தா கருணையோடு வாங்கி வைத்திருந்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைகள் வைட்டமின் ‘ஏ’ நிறைந்தவை என்பதால் விலக்கப்பட்டன. டாக்ஸிசைக்ளினை இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறக்கூடும் என்பதால் அதுவும் நின்றது. வெயில் ஆகாது. இவற்றையெல்லாம் எங்கள் வீட்டில் சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள். மருந்தென்றால் பத்தியம் உண்டு என்பது பழகிய நியாயம். ஏற்க முடியாமல் போனது ஒரே ஒரு விதிதான். இம்மருந்து கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதிதான் உடலில் சேரும். ஆகையால் நெய்யோ எண்ணெயோ தாராளமாக உள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்றார் வைத்தியர். வருஷக்கணக்காக எண்ணெயை என் கண்ணில் காட்டாமல் காத்துவந்த ஆச்சிக்கு இது அதர்மமாகப் பட்டது. “பருவுக்கு நெய்ச்சோறா? அந்த டாக்டருக்கு வெவரம் கெடையாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஆனாலும் மறுக்க மாட்டாமல், மத்தியானம் என் இலையில் பருப்புக்கு மேல் நெய்யை ஊற்றுவாள், ஊற்றும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

முதல் மாதம் நோய் குறையவில்லை, கூடிற்று. இப்படி ஆகக்கூடும் என்று முன்னமே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். பிறகு வறட்சி வந்தது. உதடுகள் வெடித்து, சிரித்தால் இரத்தம் கசியும். காலையில் வாயைத் திறக்கும் முன் வாஸலின் தடவ வேண்டும். மூக்கின் உட்புறம் காய்ந்து இரத்தம் வரும். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் உபத்திரவம் புரியும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று, குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக நின்று எல்லோரையும் மகிழ்வித்துவிட்டு, ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, எங்கள் பக்கம் வரும்போது வெறும் காற்றாகவும் புழுதியாகவும் வருகிறது. சுரண்டையைச் சுற்றியுள்ள காற்றாலைக்காரர்களுக்கு அது வருமானம். கண்ணீர் வற்றிய கண்களோடு அந்தக் காற்றில் சைக்கிள் மிதித்துப் போவது என்னவென்று நான் அந்த ஆண்டு அறிந்தேன். கால்பந்து ஆடிவிட்டு வந்தால் முதுகெலும்பின் அடிப்பக்கம் கிழவர்களுக்கு வலிப்பதுபோல் வலிக்கும். இதற்கெல்லாம் பதிலாக, மூன்றாம் மாத முடிவில் ஒருநாள் காலை, தலையணை உறை சுத்தமாக இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள்.

எங்கள் ஊரில் மருந்தும் பக்குவமும் வீட்டுக்கு வீடு உறைமோர் போகிற மாதிரி போய்க்கொண்டேயிருப்பவை. எனக்குக் கேட்ட கஷாயம் உனக்கும் கேட்கும் என்று சொம்போடு தூக்கிக்கொண்டு போவதுதான் அன்பு. என் முகம் தெளியத் தெளிய, விசாரிப்புகளின் சுபாவமும் மாறிற்று, “என்னத்தலே போட்ட?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கார்த்திகை மாதம் அத்தை வந்தாள். அத்தை மகளுக்குத் தை மாதம் விவாகம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கும் கன்னத்தில் பருக்கள், என்னுடையவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லாதவை. “ரெண்டு அட்டை குடுய்யா, கல்யாணத்துக்குள்ள தெளிஞ்சிரட்டும், காசு வேணும்னா வாங்கிக்கோ” என்றாள். நான் மறுத்தேன். காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. விவாகம் நிச்சயமான ஒரு பெண்ணின் தாயிடம், கருவென்றும் குறையோடு பிறக்கும் சிசுவென்றும் எந்த வார்த்தையை எடுத்தாலும் அது சாபமாகவே காதில் விழும் என்பதை, சொல்லத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். அத்தை எழுந்து நின்றுவிட்டாள். “குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. எம் பிள்ளை வயித்துக்கு ஏன் இப்படிப் பேசுத?” என்று கேட்டுவிட்டு, வைத்த காப்பியைக் குடிக்காமல் போனாள். அப்பாவுக்கும் என்மேல் கோபந்தான். சொன்ன விதம் தவறு, மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம் என்பது அவர் கட்சி. அப்படிச் சொல்லியிருந்தால் அத்தை அட்டையின் பெயரைக் குறித்துக்கொண்டு போய், எனக்குக் களிம்பு தந்த கடையைப் போன்ற ஏதாவது ஒரு கடையில் சீட்டில்லாமலே வாங்கியிருப்பாள் என்பது என் கட்சி. இன்றுவரை நான் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அத்தையிடம் பேச இரவோடு இரவாக அம்மா போனாள். என்ன பேசினாளோ தெரியாது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை வேறு. கல்யாணத்துக்கு எங்களை அழைத்தார்கள். அத்தை என்னோடு பேசவில்லை. மணப்பெண்ணின் கன்னத்தில் இருந்த நாலு பருவை அலங்காரக்காரி பவுடரால் மறைத்திருந்தாள், போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை.

இதே காலத்தில் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தார் இரத்ததான முகாம் நடத்தினார்கள். என் இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் என்பதால், மருந்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை நான் இரத்தம் கொடுக்கக் கூடாது. படுக்கையில் சந்தோஷமாகப் படுத்திருந்த சிநேகிதர்களுக்கு நடுவே நின்று இதை விளக்க வேண்டியதாயிற்று. ஊசிக்குப் பயந்தவன் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். பட்டமளிப்பு விழாவரை அது நீடித்தது.

சிகிச்சை முடிந்தபோது பருக்கள் நின்றன. குழிகள் நிற்கவில்லை, அதாவது போகவில்லை. மருந்து நோயைத்தான் நிறுத்தும், நடந்ததை அழிக்காது. சிலருக்குச் சில ஆண்டுகளில் நோய் திரும்புவதுண்டு, எனக்குத் திரும்பவில்லை. தழும்புகளைச் சீர்செய்ய இப்போது லேசர் முதலிய உபாயங்கள் இருக்கின்றன, நான் செய்துகொள்ளவில்லை. என் கன்னத்தைப் பார்த்துச் சிறுவயதில் அம்மையா என்று கேட்பவர்களிடம், இல்லை, பரு என்று சொல்லிவிடுகிறேன். அப்பா தம் ஆயுள் முழுதும் சொல்லாமலே இருந்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சற்று ஆச்சரியமாகவே இருக்கிறது.

சென்ற ஆண்டு அத்தை மகள் போன் செய்தாள். அவளுடைய மூத்த மகனுக்குப் பதினாறு வயது. தாடையில் கட்டி கட்டியாகக் கிளம்பியிருக்கிறதாம். “மச்சான், அன்னைக்கு எங்க அம்மாட்ட ஒரு மாத்திரைக்குச் சண்டை போட்டீயளே, அது பேரென்ன?” என்று கேட்டாள். நான் பேரைச் சொல்லாமல் தென்காசியில் ஒரு தோல் வைத்தியரின் விலாசத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். பையனே போனை வாங்கி, டாக்டரிடம் போனால் பரோட்டாவை நிறுத்தச் சொல்வார்களா, ஆச்சி இப்போதே நிறுத்திவிட்டாள் என்று கவலையோடு கேட்டான். வைத்தியர் இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு என்ன எழுதுகிறாரோ அதைப் பொறுத்தது என்றும், ஒருவேளை நெய்யூற்றிச் சாப்பிடச் சொன்னாலும் சொல்லலாம் என்றும் சொன்னேன். “அதை நீங்களே எங்க ஆச்சிட்ட சொல்லுங்க மாமா” என்று போனை அத்தையின் கையில் கொடுத்துவிட்டான்.